டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா, ஆர்ச்சா? ஒரு மலைக்கிராமப் படிப்பகத்துக்கான பதில்

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீலகிரியில் அரவேணுவுக்கு அப்பால் ஒரு ஹட்டியில் (மலைக்கிராமத்தில்), ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தில் பதினொரு பழைய கணினிகள் இருக்கின்றன. சில, ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கழித்துவிட்டவை. சில, நன்கொடையாக வந்தவை. இரண்டு மட்டும் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 10 ஓடுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் இவற்றில் இல்லை. ஆகவே மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல இயங்குதளத்துக்கு மாறலாம் என்று முடிவு செய்தீர்கள். பெங்களூருவில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் மகன் ஃப்ரீபிஎஸ்டி என்கிறார். கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஆர்ச் லினக்ஸ்தான் என்று அடம்பிடிக்கிறான். கோத்தகிரி பஜாரில் கணினி பழுதுபார்க்கும் தம்பி, "உபுண்டுவோ மின்ட்டோ போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்" என்கிறார். டெபியன், உபுண்டு, மின்ட், ஆர்ச் எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு வழங்கல்கள், அதாவது நிறுவத் தயாரான தொகுப்புகள். ஃப்ரீபிஎஸ்டி வேறு குடும்பம். மூவரில் யார் சொல்வது சரி என்பதே உங்கள் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றிலும் டெபியன், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான மேசைத்தளத்துடன் (சாளரங்களும் பட்டிகளும் கொண்ட திரை அமைப்பு). பஜார் தம்பிக்கு மின்ட்தான் கைவந்தது என்றால் மின்ட். ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒரே ஒரு கணினியில் நியாயமான இடம் உண்டு. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆர்ச் வேண்டாம். எது உயர்ந்தது என்று அளந்து பார்த்து இந்த முடிவுக்கு நான் வரவில்லை. மின்சாரம் போகும்போதும், இணைய இணைப்பு அறுந்து கிடக்கும்போதும், நிறுவிக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போன பிறகும் அந்த அறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்து வந்த முடிவு இது.

இந்தச் சண்டை உங்கள் பிள்ளைகளோடு தொடங்கியதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சின்கி மாணவர் 1991 ஆகஸ்டில் லினக்ஸை அறிவித்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று பகிரங்கமாக எழுதினார். பாடம் நடத்துவதற்காக மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர் அவர். கெர்னல் என்னும் இயங்குதளத்தின் மையப்பகுதி சின்னதாக இருக்க வேண்டும், மற்ற பணிகள் தனித்தனி நிரல்களாகப் பிரிந்து ஓட வேண்டும் என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் அடைப்பதும், இன்டெல் 386 செயலியோடு மட்டும் கட்டிப்போடுவதும் பின்னோக்கிப் போகிற செயல் என்றார். கோட்பாட்டளவில் அவர் சொன்னதில் நிறையவே சரி. ஆனால் அன்று எவர் கையிலும் இருந்த மலிவான கணினியில் உடனே ஓடியது லினக்ஸ்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2015க்குப் பிறகு வந்த இன்டெல் சில்லுகளின் உள்நிர்வாகப் பகுதியில் ஓடுவது மினிக்ஸ்தான் என்று 2017இல் வெளியே தெரிந்தது. உங்கள் அறையில் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலி உள்ள கணினி இருந்தால், நீங்கள் எதை நிறுவினாலும் அடியில் பேராசிரியரின் மினிக்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃப்ரீபிஎஸ்டி ஏன் இவ்வளவு பேருக்குத் தெரியாமல் போனது என்பதையும் பக்கத்து வீட்டுப் பையன் தெரிந்துகொள்வது நல்லது. "நன்றாக இருந்தால் எல்லோரும் பயன்படுத்தியிருப்பார்களே" என்று அவன் வாதாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு எளிதல்ல. ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மரபுதான் பிஎஸ்டி. சாதாரண 386 கணினிகளில் ஓடும் பிஎஸ்டி வடிவம் 1992இல் வந்தது. அதே ஆண்டில், ஏ.டி. அண்ட் டி.யின் கிளை நிறுவனம் ஒன்று நிரல் உரிமை கோரி, பிஎஸ்டியை விற்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பின்னர் பல்கலைக்கழகமும் அதில் இழுக்கப்பட்டது. 1994இல்தான் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன் வாரிசுகளான நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் 1993இல் பிறந்தபோதே தலைக்கு மேல் அந்த வழக்கு தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் உரிமை கோர முடியாதபடி புதிதாக எழுதப்பட்ட லினக்ஸ் பக்கம் ஆட்கள் போனதற்கு அந்த இரண்டாண்டு இடைவெளி ஒரு முக்கியக் காரணம். 386இல் ஓடும் பிஎஸ்டி முன்பே கையில் கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதத் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்ற பொருளில் டோர்வால்ட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தின் அளவை வைத்துத் தரத்தை முடிவு செய்வது இங்கே எடுபடாது.

உரிமம் பற்றிய வாக்குவாதமும் நடந்ததாகச் சொல்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது: மாற்றி விநியோகிப்பவர், மாற்றிய மூலநிரலையும் கொடுக்க வேண்டும். பிஎஸ்டி உரிமம் அப்படிக் கட்டாயப்படுத்தாது. ஆக்கியவர் பெயரை விட்டுவைத்தால் போதும். அதனால்தான் சோனி, பிளேஸ்டேஷன் 4இன் இயங்குதளத்தை ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்ட முடிந்தது. தன் மாற்றங்களை வெளியிட வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. ஜி.பி.எல். என்ன செய்யும் என்பதற்கு லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வைஃபை ரவுட்டர் நல்ல உதாரணம். அதற்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்ப, 2003இல் மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்துதான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளம் கிளைத்தது. உங்கள் படிப்பகத்தில் மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டர் அதன் பட்டியலில் இருந்தால் அதற்கும் மறுவாழ்வு உண்டு. இரண்டு உரிமங்களிலும் நீங்கள் பைசா கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கத் தடையுமில்லை. படிப்பகத்துக்கு இதற்கு மேல் இந்த வாக்குவாதம் தேவையில்லை.

மின்சாரத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் இயங்குதளத்தைச் சோதிப்பது அதுதான்.

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பியின் மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்கு அதில் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். ஒரு மாணவி கட்டுரையைச் சேமிக்கும்போது வட்டில் ஓரிடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. எழுத்துகள் ஓரிடத்தில், அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு இன்னோரிடத்தில், எந்த இடமெல்லாம் காலி என்ற கணக்கு வேறோரிடத்தில் எழுதப்படுகின்றன. இரண்டு எழுதி முடித்து மூன்றாவதை எழுதுமுன் மின்சாரம் போனால் கணக்கு உதைக்கும். லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யப்போகும் கணக்கு மாற்றங்களை முதலில் ஒரு நாட்குறிப்பில் பதிந்துகொள்கிறது. மின்சாரம் திரும்பி வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சில நொடிகளில் கணக்கைச் சரிசெய்துகொண்டு துவங்கிவிடும். இது காப்பாற்றுவது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான். மாணவி கடைசியாகத் தட்டச்சு செய்து, சேமிக்காமல் விட்டதை அது மீட்டுத் தராது.

பிஎஸ்டி குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரான ஓபன்பிஎஸ்டியில் இந்த நாட்குறிப்பு ஏற்பாடே கிடையாது. மின்சாரம் திடீரென்று போய் வந்தால் வட்டு முழுவதையும் சரிபார்க்கும். சில வேளைகளில், தானாகச் சரிசெய்ய முடியாது என்று நின்றுகொண்டு, யாராவது கட்டளை தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கும். வேறு பல வகைகளில் எனக்கு மிகவும் பிடித்த இயங்குதளம் அது. ஆனால் மாலை ஆறு மணிக்கு இருபது பிள்ளைகள் காத்திருக்கும் அறையில் அந்தக் கறுப்புத் திரையை உங்கள் முன் வைக்க எனக்கு மனம் வராது.

ஃப்ரீபிஎஸ்டியின் கதை வேறு. அங்கே இசட்.எஃப்.எஸ். இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005இல் மூலநிரலைத் திறந்துவிட்ட இந்தக் கோப்பு முறைமை, 2008இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 7.0இல் சேர்ந்தது. இருக்கும் தரவின் மேலேயே இது எழுதுவதில்லை. புதியதை வேறிடத்தில் முழுமையாக எழுதி முடித்த பிறகே சுட்டுகுறிப்பை மாற்றும். பாதியில் மின்சாரம் போனால் பழைய நிலை அப்படியே நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், ஈரம் ஏறிய பழைய ஹார்ட் டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு புகைப்படத்தைக் கெடுத்தாலும் கண்டுபிடித்துவிடும். இரண்டு வட்டுகளை இணையாகப் போட்டிருந்தால், நல்ல பிரதியிலிருந்து கெட்டதைத் தானே திருத்திக்கொள்ளும். புதுப்பிப்பு சொதப்பினால் முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் துவங்கவும் வழி உண்டு. லினக்ஸிலும் இசட்.எஃப்.எஸ். ஓடும், ஆனால் அதன் உரிமம் ஜி.பி.எல்.லோடு ஒத்துப்போவதில் சிக்கல் இருப்பதால் கெர்னலுக்குள் இடம் கிடைக்கவில்லை. உபுண்டு 16.04 முதல் அதைத் தயாராகத் தருகிறது. டெபியனில் நம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ள வேண்டும். ஆக, இந்த ஒரு விஷயத்தில் உங்கள் அண்ணன் மகன் சொல்வது அத்தனையும் உண்மை.

அதனால்தான் ஒரு கணினியில் ஃப்ரீபிஎஸ்டிக்கு இடம் உண்டு என்றேன். பிள்ளைகளின் கோப்புகள், பழைய வினாத்தாள்கள், ஊர்த் திருவிழாப் படங்கள் எல்லாம் சேரும் சேமிப்புக் கணினி அது. எட்டு ஜி.பி. ரேமும் இரண்டு புதிய வட்டுகளும் போட்டு, அதற்கு மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். வைத்தால் பல ஆண்டுகள் கவலையில்லை. எவ்வளவு நல்ல கோப்பு முறைமையும் யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றாகாது. நிபந்தனை இதுதான்: அதை அமைத்துக் கொடுக்கிற அண்ணன் மகன், ஒரு தாளில் தமிழில், எதற்கு எந்தக் கட்டளை என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். வட்டு ஒன்று செத்தால் மாற்றுவது எப்படி என்பதை பஜார் தம்பியை உட்காரவைத்து ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். இதற்கு நேரமில்லை என்பாரானால் அந்தக் கணினியிலும் டெபியனும் எக்ஸ்ட்4உம் போட்டு, வாரம் ஒருமுறை வெளிவட்டில் பிரதி எடுங்கள்.

மற்ற பத்துக்கும் ஃப்ரீபிஎஸ்டி ஏன் வேண்டாம்? நிறுவி முடித்ததும் கையில் கிடைப்பது எழுத்துத் திரைதான். மேசைத்தளத்தை நாமே கட்டியெழுப்ப வேண்டும். அதன் கையேடு அருமையானது, அதைப் பார்த்துச் செய்துவிடலாம். ஆனால் பத்துக் கணினியிலும் செய்ய வேண்டும். வைஃபை ஆதரவில் அது நீண்டகாலமாக லினக்ஸுக்குப் பின்னால்தான் நிற்கிறது. மடிக்கணினி ஆதரவை மேம்படுத்த ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளையே தனித்திட்டம் நடத்த வேண்டியிருக்கிறது. அச்சுப்பொறி இன்னொரு தலைவலி. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக இருக்கும் சிறிய லேசர் பிரிண்டர்கள் பல, உற்பத்தியாளர் தரும் தனி இயக்கி இல்லாமல் வேலை செய்யாதவை. அந்த இயக்கியை லினக்ஸுக்கே வேண்டாவெறுப்பாகத்தான் தருகிறார்கள். பிஎஸ்டிக்குப் பெரும்பாலும் தருவதில்லை.

இனி ஆர்ச். 2002இல் தொடங்கிய இந்த வழங்கலில் பதிப்பு என்பதே இல்லை. புதியது வரவர ஓடிக்கொண்டே இருக்கும் வகை. அதன் ஆவணங்கள் தங்கம். டெபியன் பயன்படுத்தும் நானே அவற்றைத்தான் அடிக்கடி புரட்டுகிறேன். ஆனால் அது அடிக்கடி, முழுமையாகப் புதுப்பிக்கப்படும் என்று எதிர்பார்க்கிற இயங்குதளம். மண்சரிவில் கேபிள் அறுந்து, அடுத்து பள்ளித்தேர்வு வந்து, படிப்பகம் சில மாதம் பூட்டிக்கிடக்கிறது என்று வையுங்கள். திறந்து புதுப்பித்தால், தொகுப்புகளைச் சரிபார்க்கும் சாவிகள் காலாவதியாகி எல்லாம் நிராகரிக்கப்படலாம். முதலில் சாவித் தொகுப்பைத் தனியே புதுப்பிக்க வேண்டும். கைமுறையாகச் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கான அறிவிப்புகளையும் தேடிப் படிக்க வேண்டும். அந்தப் பையனுக்கு இது விளையாட்டு. அவன் செமஸ்டர் தேர்வில் இருக்கும்போது உங்களுக்கு அது விளையாட்டல்ல. அவன் மடிக்கணினியில் ஆர்ச் இருக்கட்டும். அதில் அவன் நிறையக் கற்றுக்கொள்வான்.

புதியது வேகமாக வருவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளவழியை வைத்திருந்தது அம்பலமானது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் அது அகப்பட்டது. அந்தக் கெட்டுப்போன பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளிலும், ஃபெடோரா என்ற இன்னொரு வழங்கலின் முன்னோட்டப் பதிப்புகளிலும், ஆர்ச்சிலும் ஏற்கெனவே நுழைந்திருந்தது. ஆர்ச்சில் அது தாக்குதலுக்குப் பயன்படும் வகையில் இணைக்கப்படவில்லை என்பது பையனின் பக்கத்து நியாயம், சொல்லிவிட வேண்டும். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்தே சேரவில்லை. பழசாகவே இருக்கிறது என்று டெபியனைக் கேலி செய்பவர்கள் அந்த வாரம் கொஞ்சம் அமைதியாக இருந்தார்கள்.

டெபியனைப் பற்றி: 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. தன்னார்வலர்கள் வாக்களித்து முடிவெடுக்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். 2014இல் சிஸ்டம்-டி என்ற துவக்க நிரலை ஏற்பதா என்று நடந்த சண்டையில் ஒரு குழு பிரிந்து போய் டெவுவான் என்று தனியாகவே தொடங்கிவிட்டது. உங்கள் திண்ணையில் அந்தச் சண்டையும் தலைகாட்டினால் காபி கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுங்கள். பிள்ளைகளின் கணக்குப் பாடத்தை அது எந்த வகையிலும் பாதிக்காது. ஒரு பதிப்பு சுமார் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும், ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கான ஆதரவு சுமார் பதின்மூன்று மாதம்தான் என்பதால் அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. முன்பெல்லாம் வைஃபை சில்லுக்கான உரிமக்கட்டுள்ள நிரலைத் தனியே தேடிப் போட வேண்டிய தொல்லை டெபியனில் இருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது உள்ளது 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு. நிறுவும் திரையிலேயே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

உபுண்டு டெபியனிலிருந்து வந்தது; 2004இல் தொடங்கியது. ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2011இல் அது நின்றது. இந்தியாவில் நிறையப் பேருக்கு லினக்ஸ் அறிமுகமானதே அந்த உறையில்தான். பஜார் தம்பியின் வாதத்துக்கு வலுவான சான்று ஒன்று இருக்கிறது, அவரே அதைச் சொல்லவில்லை: நம் மாநிலப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓபன் ஆஃபீஸும் வருகின்றன. படிப்பகத்துக்கு வரும் மேல்நிலை மாணவர்களுக்குத் திரையும் புத்தகமும் ஒத்துப்போவது உதவிதான். ஆனால் இப்போதைய உபுண்டுவுக்கு நான்கு ஜி.பி. ரேம் சிரமம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை ஸ்னாப் என்ற தனிப்பொதியாகத் தருவதால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க நேரம் பிடிக்கிறது. மின்ட், ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டு உபுண்டுவின் மற்ற நன்மைகளைத் தருகிறது. விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு அதன் திரை பழகிய இடம்போலவே இருக்கும். அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடுத்தால் டெபியனோடு ஒப்பிட எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. முடிந்தவரை எல்லாவற்றிலும் ஒரே வழங்கல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். நான்கு வகை இருந்தால் நான்கு வகைக் கோளாறு வரும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அதுவும் டெபியன் வழி வந்ததுதான். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை. திறந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கி நிலம்பூர்ப் பக்கம் போனால் நிலைமை வேறு. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள். இரு பக்கமும் மென்பொருள் ஏறத்தாழ ஒரே குடும்பம்தான். ஆகவே பஜார் தம்பியின் வாக்குக்கு மற்ற இருவரின் வாக்கைவிட நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். மழை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு வரப்போகிறவர் அவர்.

தமிழ் விஷயத்தில் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் ஐ-பஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் கிடைக்கின்றன. எழுத்துருக்கள் தொகுப்பிலேயே உண்டு. சிக்கல் வருவது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நீங்கள் வைத்திருக்கும் கோப்புகளில்தான். அந்த எழுத்துருவை நிறுவினால்தான் படிக்க முடியும். இல்லையென்றால் எழுத்துகள் பொருளற்றுத் தெரியும். நிதானமாக யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில்தான் செய்துகாட்ட வேண்டும் என்று ஏதாவது தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்காக ஒரு கணினியில் விண்டோஸை அப்படியே விட்டுவையுங்கள், இணையத்தோடு இணைக்காமல்.

ஓபன்பிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. யாரும் அதைப் பரிந்துரைக்காதது எனக்குக் குறையாக இருக்கிறது. 1995இல் நெட்பிஎஸ்டியிலிருந்து தியோ டி ராட் பிரிந்து வந்து தொடங்கியது. பாதுகாப்பு ஒன்றே அவர்கள் குறி. 2014இல் புளூடூத் நிரலையே தூக்கி எறிந்தார்கள், ஒழுங்காகப் பராமரிக்க ஆளில்லை என்று. உலகத்தின் பெரும்பாலான சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் அவர்கள் உருவாக்கியது. டெபியனிலும் ஆர்ச்சிலும் அதுதான். ஆக, திண்ணையில் மோதிக்கொள்ளும் முகாம்களெல்லாம் ஒன்றின் நிரலை ஒன்று எடுத்துக்கொண்டுதான் வாழ்கின்றன.

இனி வேலை. நிறுவுவதற்கு முன் கணினிகளைத் திறந்து, ரேம் பட்டையின் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும். மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும், பிறகு எந்த இணையதளமும் பாதுகாப்பற்றது என்று உலாவி மிரட்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிறிய எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். எந்த வழங்கலை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

இணையம் மெதுவாக இருப்பதால் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்.ஜி. என்ற நிரலைப் போட்டு, மற்றவை எல்லாம் அதன் வழியாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமையுங்கள். ஒவ்வொரு தொகுப்பும் ஒருமுறைதான் மலையேறி வரும். மற்ற டெபியன் கணினிகள் அறைக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். ஒரு கணினியில் லிப்ரே ஆஃபீஸ், பைத்தான், தமிழ் உள்ளீடு எல்லாம் சரிசெய்து முடித்த பிறகு, அதையே குளோன்ஜில்லா என்ற படியெடுப்புக் கருவி கொண்டு மற்றவற்றுக்குப் படியெடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் வேண்டும் என்பார்கள். டெபியனில் அதன் இடத்தில் மரியாடிபி இருக்கும். பாடத்தில் வரும் கட்டளைகளுக்கு அது போதும்.

மடிக்கணினிகள் இரண்டிலும் 32-பிட் விண்டோஸ் இருந்தது என்பதற்காகச் செயலியும் 32-பிட் என்ற பழைய வகை என்று முடிவுகட்ட வேண்டாம். டெபியன் 13ஐ யு.எஸ்.பி.யில் போட்டுத் துவக்கிப் பாருங்கள். செயலி 64-பிட் இல்லையென்றால் அதுவே சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்படி நின்றால் அந்தக் கணினிக்கு டெபியன் 12 போடுங்கள், 2028 ஜூன் வரை திருத்தங்கள் கிடைக்கும். 13ஆம் பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது; 2025 டிசம்பரில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 15உம் அவற்றைக் கைவிட்டுவிட்டது. 2028க்குப் பிறகும் அந்த மடிக்கணினி உயிரோடு இருந்தால் நெட்பிஎஸ்டி இருக்கிறது. அதை நிறுவும் வேலையை அந்த ஆர்ச் பையனிடம் கொடுங்கள், மறுக்க மாட்டான்.